சமையலறைச் சுவரின் கதை

போன தை மாதம் எங்கள் திருவதிகை வீட்டில் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் இருந்த சுவரை எடுத்தோம். மேஸ்திரி பூச்சைக் கொத்தியதும் உள்ளே இருந்து கரி கொட்டியது. எத்தனையோ பொங்கலுக்கு வெள்ளையடித்த சுவர். அதன் மேல் சிமென்ட் பூசி, பிறகு டைல்ஸும் ஒட்டியிருந்தோம். அத்தனைக்கும் அடியில் பழைய புகை அப்படியே இருந்தது. "என்ன ஐயா, ரயில் இன்ஜினை இங்கயா நிறுத்தி வச்சிருந்தாங்க?" என்று மேஸ்திரி சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சுவருக்குப் பின்னால்தான் அம்மா நாற்பது வருஷம் சமைத்தார்.

அன்று முதல் ஒரே யோசனை. இந்தச் சுவரை யார், எதற்காகக் கட்டினார்கள்? அதற்கான வேலை எப்போது முடிந்தது? முடிந்த பிறகும் ஏன் இத்தனை நாள் நின்றது? யோசித்ததில் கிடைத்ததை எழுதுகிறேன்.

முதல் காரணம் தீ. கூரை வீட்டில் அடுப்புப் பொறி பறந்தால் தெருவே போய்விடும். அதனால்தான் அந்தக் காலத்தில் பலர் சமையலுக்குத் தனிக் கொட்டகையே போட்டார்கள். ஓட்டு வீடு வந்ததும் கொட்டகை வீட்டுக்குள் வந்தது. வந்தாலும் ஒரு சுவருக்குப் பின்னால், தென்கிழக்கு அக்கினி மூலையில்தான் இருந்தது.

இரண்டாவது காரணம் புகை. எங்கள் பக்கத்தில் விறகுக்குப் பஞ்சமில்லை. பண்ருட்டியைச் சுற்றி முந்திரித் தோப்பு, கடற்கரைப் பக்கம் சவுக்கு. காய்ந்த சவுக்கு நன்றாக எரியும். ஈர முந்திரிக் கட்டையை வைத்தால் கண்ணைத் திறக்க முடியாது. மழைக்காலத்தில் எரிவதைவிடப் புகைவதுதான் அதிகம். அந்தப் புகை கூடத்துக்கும் சாமி அறைக்கும் வராமல் இருக்கத்தான் சுவர். புகை வெளியேற ஓட்டுக்கு நடுவே ஒரு சாண் இடைவெளி இருந்தது. மற்றதெல்லாம் சமைப்பவர் நெஞ்சுக்குள் போனது.

அப்பர் சுவாமிகளுக்குச் சூலை நோய் தீர்ந்த ஊர் எங்களுடையது. அவரை ஏழு நாள் நீற்றறையில் அடைத்து வைத்த கதை உங்களுக்குத் தெரியும். வெயில் காலத்தில் அம்மா சமையலறையை விட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்து முகம் துடைத்துக்கொண்டே, "அவருக்கு ஏழு நாள்தான், எனக்குத் தினமும்" என்பார். நாங்கள் அதை வேடிக்கைப் பேச்சாகவே எடுத்துக்கொண்டோம்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. புகையில்லாமல் சமைக்க ஒரு எரிபொருள் எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் தயாரானது. 1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பாக ஏதோ வந்ததில் தொடங்கியது நெய்வேலியின் கதை. 1956 நவம்பரில் நிறுவனம் பதிவானது. 1957 மே 20 அன்று நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். 1961இல் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது. அடுத்த வருஷம் ரஷ்ய உதவியோடு கட்டிய அனல்மின் நிலையத்தில் மின்சாரம் வந்தது. நான் 1975இல் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன்.

வெட்டி எடுக்கும் பழுப்பு நிலக்கரியில் ஏறக்குறைய பாதி எடை தண்ணீர்தான். அப்படியே அடுப்பில் வைத்தால் புகைந்து நாறும். அதனால் நெய்வேலியில் தனி ஆலை வைத்து அதை உலர்த்தி, அழுத்திக் கட்டியாக்கி, காற்றில்லாமல் சுட்டுப் புகை தரும் பொருளை எல்லாம் முன்கூட்டியே பிரித்துவிட்டார்கள். மிஞ்சிய கரிக்கட்டிதான் லீகோ. சென்னையிலும் மற்ற ஊர்களிலும் கரிக்கடையில் லீகோ மூட்டை வாங்கியவர்கள் இதைப் படிப்பவர்களில் நிச்சயம் இருப்பீர்கள். பற்றவைக்கத்தான் பொறுமை வேண்டும். பிடித்துக்கொண்டால் நின்று எரியும், புகை கிடையாது.

நானும் பெருமையாக ஒரு மூட்டையும் இரும்பு அடுப்பும் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்தேன். ஒரு வாரம் சந்தோஷமாகச் சமைத்தார். பிறகு தலைவலி என்றார். கொல்லையில் வைத்துச் சமைத்தால் வலிக்கவில்லை, உள்ளே வைத்தால் வலித்தது. காரணம் இப்போது தெரிகிறது. கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடு கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. கரி அடுப்புக்கு விறகு அடுப்பைவிடக் காற்றோட்டம் அதிகம் வேண்டும். நாங்களோ புகை இல்லையே, இனி என்ன கவலை என்று இருந்துவிட்டோம். அம்மா விறகுக்கே திரும்பினார்.

புகையை அடக்க நாட்டில் முயற்சி நடக்காமல் இல்லை. ஹைதராபாத்தில் எஸ்.பி. ராஜு என்ற பொறியாளர் புகைபோக்கி வைத்த அடுப்பை வடிவமைத்து 1953இல் அதைப் பற்றிப் புத்தகமே போட்டார். 1980களில் மத்திய அரசு புகையில்லா அடுப்புத் திட்டம் கொண்டுவந்தது. குழாய் அடைத்துக்கொண்டால் சுத்தம் செய்ய ஆளில்லாமல் பல வீடுகளில் பழைய அடுப்பே திரும்ப வந்தது. அதே காலத்தில் கிர்க் ஸ்மித் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் குஜராத் கிராமங்களில், சமைக்கும் பெண்கள் மேலேயே கருவியை மாட்டி அவர்கள் சுவாசிக்கும் புகையை அளந்தார். அதன் பிறகுதான் உலகம் இதை நோய் என்று பேச ஆரம்பித்தது. வீட்டு அடுப்புப் புகையால் 2020இல் மட்டும் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது.

வெளிநாட்டில் இந்தச் சுவர் முன்னாலேயே ஆட்டம் கண்டது. 1926இல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டடக் கலைஞர் ஒரு சமையலறை வடிவமைத்தார். ரயில் உணவு வண்டியின் சமையலறையைப் பார்த்து, கை எட்டும் தூரத்தில் எல்லாம் இருக்கும்படி அமைத்தார். சின்ன அறைதான். ஆனால் கூடத்துப் பக்கம் தள்ளுகதவு வைத்தார். அம்மா சமைத்துக்கொண்டே குழந்தையைப் பார்க்க முடியும். கேஸ் அடுப்பு வந்துவிட்டதால் அது சாத்தியமாயிற்று.

நம் நாட்டில் இண்டேன் சிலிண்டர் 1965இல் வந்தது. நெய்வேலிக் குவார்ட்டர்ஸில் எனக்கு 1984இல் இணைப்புக் கிடைத்தது. என் மனைவி நின்றுகொண்டு சமைக்க ஆரம்பித்தாள். அம்மாவுக்கோ அடுப்பு, அம்மி, அரிவாள்மனை எல்லாமே தரையில். திருவதிகை வீட்டுக்குக் கேஸ் வந்தது 1990இல்.

ஆக, 1990இல் புகை போய்விட்டது. ஓடு வந்தபோதே தீ பயமும் குறைந்துவிட்டது. சுவர் மட்டும் இன்னும் முப்பது வருஷத்துக்கு மேல் நின்றது. அதற்குத்தான் மூன்றாவது காரணம், நாம் வெளியே சொல்லிக்கொள்ளாத காரணம். யார் உள்ளே வரலாம், யார் வரக்கூடாது என்பதற்காகவும் அந்தச் சுவர் கட்டப்பட்டது. தோட்ட வேலைக்கு வருபவர்கள் கொல்லைப்புறத்தோடு நின்றார்கள். தீட்டு நாளில் வீட்டுப் பெண்களுக்கே அனுமதி இல்லை. வீட்டுக்கு வந்த ஆண்களின் கண்ணில் சமைப்பவர் படக்கூடாது. காபி மட்டும் வரவேண்டும், கொடுத்த கை தெரியக்கூடாது. எங்கள் வீடும் இதற்கு விலக்கல்ல.

1982இல் வீட்டுக்கு ஓடு மாற்றினோம். அப்போது அம்மா ஒன்றே ஒன்று கேட்டார். "தெக்கால ஒரு ஜன்னல் வைடா, கொஞ்சம் காத்து வரும்." அப்பா, "தெருவுல போறவன் நம்ம உலைப்பானையப் பாக்கணுமா?" என்றார். நான் சம்பாதிப்பவன். நான் சொல்லியிருந்தால் நடந்திருக்கும். நான் அப்பா பக்கம் நின்றேன். மிச்சப் பணத்தில் முன்பக்கத் திண்ணைக்குக் கிராதி போட்டோம்.

கடைசி வருஷங்களில் அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. பரிசோதித்த டாக்டர், "வீட்டுல யாராச்சும் பீடி, சிகரெட் பிடிப்பாங்களா?" என்று கேட்டார். அம்மா சிரித்துக்கொண்டே, "அடுப்புதான் சார் பிடிக்கும்" என்றார். டாக்டரும் சிரித்தார். 1994இல் அம்மா போய்ச் சேர்ந்தார். புகைதான் காரணம் என்று யாரும் எழுதித் தரவில்லை. ஆனாலும் அந்த ஜன்னல் என் மனதில் அப்படியே நிற்கிறது.

இப்போது சுவரை எடுக்கலாம் என்றதும் மனைவி உடனே சம்மதிக்கவில்லை. "ஏங்க, வர்றவங்க எல்லாம் சிங்க்ல கெடக்குற பாத்திரத்தப் பாப்பாங்களே" என்றாள். நியாயம்தான். அதனால் முழுச் சுவரையும் எடுக்காமல் இடுப்பளவு விட்டு, அதன் மேல் ஒரு கிரானைட் பலகை போட்டோம். பாத்திரம் மறைந்தது, முகம் தெரிந்தது. செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பழைய ஓட்டு வீட்டில் உட்சுவரும் கூரையைத் தாங்கும். முதலில் முட்டுக் கொடுத்து, இரும்பு கர்டர் ஏற்றி, அப்புறம்தான் செங்கல்லில் கை வைக்க வேண்டும். மேடை உயரத்தையும் சமைப்பவரை நிறுத்தி அளந்து கட்டுங்கள். தாளிக்கும் நெடி கூடத்துக்கு வருவது உண்மைதான். புகையிழுக்கும் சிம்னியின் குழாயை வெளியே விட்டால் பாதி குறையும். கருவாட்டுக்கு எதுவும் செய்ய முடியாது.

இப்போது மனைவி சாம்பார் கொதிக்கும்போதே என்னோடு பேசுகிறாள். பேரன் பலகையில் நோட்டை வைத்துக் கணக்குப் போடுகிறான். வெண்டைக்காய் நறுக்கும் வேலை எனக்கு வந்துவிட்டது. சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து காபி கேட்டே பழகியவன் நான்.

தெற்குப் பக்கம் ஜன்னலும் வைத்தாயிற்று. நான்கடிக்கு மூன்றடி. மேஸ்திரி அரை நாளில் வைத்துவிட்டார்.