இரண்டாவது பேட்ச்: தமிழ்த் திறமூலத் திட்டங்களில் புதியவர் பங்களிப்பைக் கையாளும் முறை

முன்னுரை

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வடக்கே கிருஷ்ணன்கோவிலில் 1984-இல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கிய கலசலிங்கம் இன்று நிகர்நிலைப் பல்கலைக்கழகம். தெற்கே ராஜபாளையத்தில் 2013 முதல் ராம்கோ தொழில்நுட்பக் கல்லூரி இயங்குகிறது. தமிழ்நாட்டின் எந்தப் பொறியியல் கல்லூரியையும் போலவே, இவற்றில் கணினியியல் படிக்கும் மாணவர்களுக்கும் இன்று பொதுவாகச் சொல்லப்படும் அறிவுரை ஒன்றுதான்: கிட்ஹப்பில் கணக்குத் தொடங்குங்கள், ஏதேனும் ஒரு திறமூலத் திட்டத்துக்குப் பங்களியுங்கள், வேலை தேடும்போது உதவும்.

இந்த அறிவுரையின் மறுமுனையில் ஒருவர் இருக்கிறார். அந்தப் பங்களிப்பைத் திறந்து படித்து, சோதித்து, ஏற்கவோ மறுக்கவோ வேண்டிய பராமரிப்பாளர். தமிழ்த் திட்டங்களில் அவர் பெரும்பாலும் ஊதியமின்றி, வேலை முடிந்த இரவு நேரத்தில் உழைப்பவர். புதியவரைத் திட்டம் எப்படி நடத்துகிறது என்பதை அவருடைய முதல் பேட்ச் (நிரலில் செய்யக் கோரும் மாற்றம்) இணைக்கப்பட்டதா என்று பார்த்து அளக்க முடியாது. அவர் இரண்டாவதாக ஒன்றை அனுப்பினாரா என்பதே சரியான அளவுகோல். அதைத் தீர்மானிப்பது வரவேற்புரையைவிட மதிப்பாய்வில் எழுதப்படும் மறுமொழிதான். இதுவே இக்கட்டுரையின் வாதம்.

எண்ணிக்கை கற்பித்தது

டிஜிட்டல்ஓஷன் நிறுவனம் 2014 முதல் நடத்திவரும் அக்டோபர் மாத நிகழ்வு ஹேக்டோபர்ஃபெஸ்ட். 2020-இல் அதன் விதி எளிது: நான்கு புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தை இணைக்கக் கோரும் வேண்டுகோள்) அனுப்பி முடிக்கும் முதல் 70,000 பேருக்கு டிஷர்ட், வேண்டாமென்றால் அவர்கள் பெயரில் ஒரு மரக்கன்று. மாதம் பிறந்த இரண்டு நாளிலேயே திட்டங்களின் முகப்புக் கோப்புகளில் 'அருமையான திட்டம்' என்ற பொருளில் ஒரு வரி சேர்க்கும் புல் ரிக்வெஸ்டுகள் குவிந்தன. இந்தியாவில் வெளியான ஒரு யூடியூப் பாடம் காட்டிய செய்முறையைப் பலர் அப்படியே பின்பற்றியது இதற்கு ஒரு காரணம். அக்டோபர் 3-ஆம் தேதியே விதி மாறியது: தாமாக முன்வந்து பெயர் கொடுத்த திட்டங்களுக்கு அனுப்புபவை மட்டுமே கணக்கில் வரும். 2024-இல் எக்ஸ்பிரஸ் என்ற ஜாவாஸ்கிரிப்ட் திட்டத்துக்கும் இதே கதி. பயிற்சிக் காணொளி ஒன்றைப் பார்த்தவர்கள் தங்கள் பெயரை அதன் முகப்புக் கோப்பில் சேர்க்கக் கோரி வரிசையாக வந்தார்கள்.

இதை மாணவர்களின் சோம்பல் என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் அது சரியான விளக்கமாகாது. அவர்கள் கேட்கப்பட்டதைக் கொடுத்தார்கள். கேட்கப்பட்டது எண்ணிக்கை. நதியா எக்பால் 2020-இல் வெளியிட்ட 'வொர்க்கிங் இன் பப்ளிக்' நூல் இதற்குப் பின்னுள்ள பொருளாதாரத்தைத் தெளிவாக்குகிறது: நிரலைப் பிரதியெடுக்கச் செலவில்லை, அருகிப்போவது பராமரிப்பாளரின் கவனம். ஒரு வரி மாற்றமானாலும் திறந்து படித்துப் பதில் எழுத நேரம் ஆகிறது. ஆக, புதியவரைக் கையாளும் எந்த முறையும் அந்த நேரத்தை எங்கே செலவிடுவது என்ற கேள்விக்குப் பதிலாகவே அமைய வேண்டும்.

மதுரைத் திட்டத்தின் முன்மாதிரி

தமிழுக்கு இது புதிய கேள்வியல்ல. 1998 பொங்கலன்று முனைவர் கு. கல்யாணசுந்தரம் முன்னின்று தொடங்கிய மதுரைத் திட்டம், உலகெங்குமுள்ள தன்னார்வலர்களைக் கொண்டு தமிழ் இலக்கியங்களை மின்னூலாக்கியது. ஸ்ரீவில்லிபுத்தூரின் ஆண்டாளும் பெரியாழ்வாரும் நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத்தின் பகுதியாக அப்படித்தான் இணையத்துக்கு வந்தார்கள். அங்கே இரண்டு வழக்கங்கள் நிலைத்தன. தட்டச்சு செய்தவரின் உரையை மெய்ப்புப் பார்ப்பவர் சரிபார்த்தார். உழைத்தவர்களின் பெயர்கள் மின்னூலின் முகப்பிலேயே நன்றியுடன் பதிவாயின. பிழை வரும் என்று எதிர்பார்த்தே வேலை பிரிக்கப்பட்டதால், பிழை செய்தவர் வெட்கப்பட்டு விலக வேண்டியதில்லை.

லினக்ஸ் கெர்னலில் இதற்கு ஒப்பான ஏற்பாடு 2008-இல் கிரெக் குரோவா-ஹார்ட்மன் தொடங்கிவைத்த ஸ்டேஜிங் பகுதி. இன்னும் தரம் எட்டாத டிரைவர்கள் அங்கே வைக்கப்படும். ஒவ்வொன்றுடனும் என்ன வேலை பாக்கி என்று சொல்லும் கோப்பு இருக்கும். புதியவர் அங்கே கைபழகலாம். ஆனால் அங்கே கிடைக்கும் முதல் வேலை பெரும்பாலும் இடைவெளி, வரி நீளம் திருத்துவதாக இருக்கிறது. பேட்ச் அனுப்பும் முறை புரிந்துவிடும், நிரல் புரியாது. மொழிசார்ந்த தமிழ்த் திட்டங்களால் இதைவிட நல்ல முதல் வேலையைத் தர முடியும்.

ஊர்ப்பெயர் என்ற சோதனை

எடுத்துக்காட்டாக ஓப்பன்-தமிழ் நூலகத்தைக் கொள்வோம். முத்து அண்ணாமலை உள்ளிட்டோர் பைத்தான் மொழியில் வளர்த்துவரும் இந்த நூலகத்தின் அடிப்படை வேலைகளில் ஒன்று தமிழ்ச் சரத்தை எழுத்துகளாகப் பிரிப்பது. இதுபோன்ற ஒரு திட்டத்துக்கு, சொல்லில் எத்தனை எழுத்து என்று எண்ணும் நிரலை ராஜபாளையத்து மாணவர் ஒருவர் அனுப்புகிறார். பைத்தானில் உள்ள 'லென்' செயற்கூறையே அவர் பயன்படுத்தியிருக்கிறார். 'ராஜபாளையம்' என்று கொடுத்தால் அது 10 என்கிறது. தொடக்கப் பள்ளிக் குழந்தை 6 என்று சொல்லும். காரணம், யூனிகோடில் உயிர்மெய்யின் துணையெழுத்தும் புள்ளியும் தனித்தனிக் குறிகளாகச் சேமிக்கப்படுகின்றன.

பராமரிப்பாளர் முன் மூன்று வழிகள் உண்டு. தவறு என்று ஒரு வரியில் மூடிவிடலாம். மாணவர் திரும்ப வரமாட்டார். தாமே திருத்தி இணைத்துக்கொள்ளலாம். மாணவரின் பெயர் பதிவாகும், ஆனால் அவர் எதையும் கற்றிருக்கமாட்டார். அல்லது இப்படி எழுதலாம்: "'ராஜபாளையம்' கொடுத்தால் 6 வர வேண்டும், உங்கள் நிரல் 10 தருகிறது. இதைக் கண்டுபிடிக்கும் சோதனையை முதலில் எழுதி அனுப்புங்கள். பிறகு 'ஸ்ரீவில்லிபுத்தூர்' கொடுத்துப் பாருங்கள்."

அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் உண்மையான பயிற்சி இருக்கிறது. 'ஸ்ரீவில்லிபுத்தூர்' யூனிகோடில் 18 குறிகள். 'ஸ்ரீ'யை ஒன்றாகக் கொண்டால் எட்டு எழுத்து, பிரித்தால் ஒன்பது. எது சரி என்பது திட்டம் எடுத்து எழுதிவைக்க வேண்டிய முடிவு. மேலும் 2005-இல் யூனிகோடு 4.1 பதிப்பில் 'ஶ' சேர்ந்த பிறகு, 'ஸ்ரீ'யை 'ஸ'வில் தொடங்கியும் எழுதலாம், 'ஶ'வில் தொடங்கியும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவாகத் தெரியும். தேடினால் ஒன்று மற்றொன்றைக் கண்டுபிடிக்காது. யூனிகோடின் இயல்பாக்கல் முறை ஒற்றைக்கொம்பையும் காலையும் சேர்த்து ஒரே ஒகரக் குறியாக்கிவிடும். ஆனால் இந்த இரண்டும் வேறு வேறு மெய்கள் என்பதால் இவற்றைத் தொடாது. திருவில்லிபுத்தூர், இராஜபாளையம், இராசபாளையம் என்ற வழக்குகளையும் சேர்த்தால், ஊர்ப்பெயர் தேடும் நிரலுக்குத் தேவையான சோதனைத் தரவு அந்த ஊர்க்காரரிடமே இருக்கிறது. தபால் முகவரியிலும் பேருந்துப் பலகையிலும் அவர் அன்றாடம் பார்ப்பவை அவை. அவ்வகையில் புதியவருக்குக் கொடுக்கத்தக்க முதல் வேலை சோதனை எழுதுவது. தவறினால் மென்பொருள் உடையாது. சரியாக அமைந்தால் திட்டத்துக்கு நிலையான பயன்.

மறுப்புகள்

இவ்வளவு விரிவாக எழுத நேரமில்லை என்பது முதல் மறுப்பு. நியாயமானதே. ஆனால் ஒருமுறை நன்றாக எழுதிய மறுமொழியைப் பங்களிப்போருக்கான வழிகாட்டியில் சேர்த்துவிட்டால், அடுத்த முறை சுட்டி மட்டும் கொடுத்தால் போதும். தானியங்கிச் சோதனைகள் பாதி மதிப்பாய்வைச் செய்துவிடும். சோதனையும் இன்றி, வழிகாட்டியையும் படிக்காமல் வருவதைத் தயங்காமல் மூடலாம். செயற்கை நுண்ணறிவு எழுதித் தந்ததைப் புரிந்துகொள்ளாமல் அனுப்புவோருக்கும் அதே விதி. கர்ல் என்ற தரவுப் பரிமாற்ற மென்பொருள் திட்டத்தின் டேனியல் ஸ்டென்பெர்க் 2024 தொடக்கத்திலேயே செயற்கை நுண்ணறிவு எழுதிய போலிப் பிழை அறிக்கைகள் தின்னும் நேரத்தைப் பற்றி எழுதியிருக்கிறார்.

இரண்டாவது மறுப்பு பாதுகாப்பு பற்றியது. எக்ஸ்இசட் என்ற தரவுச் சுருக்க மென்பொருளில் ஈராண்டுக்கு மேல் நற்பெயர் சேர்த்த ஒருவர் நுழைத்த பின்வாசலை 2024 மார்ச்சில் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் கண்டுபிடித்தார். தனியாளாகச் சோர்ந்திருந்த பராமரிப்பாளரிடம்தான் அந்த நம்பிக்கை பெறப்பட்டது. கற்றுக்கொடுப்பதும் இணைக்கும் உரிமை கொடுப்பதும் வேறு வேறு என்பதே இதிலிருந்து பெறும் பாடம். முன்னதில் தாராளமும் பின்னதில் கண்டிப்பும் வேண்டும். மதிப்பாய்வுக்கு இன்னொரு கண்ணும் வேண்டும்.

கல்லூரியின் பொறுப்பு

2011-இல் புனேயில் விக்கிப்பீடியாவுக்காக விக்கிமீடியா அறக்கட்டளை நடத்திய இந்தியக் கல்வித் திட்டம், பாடவேலையாகக் கட்டுரை எழுதிய மாணவர்கள் பெருமளவில் நகலெடுத்ததால் அந்த ஆண்டே நிறுத்தப்பட்டது. 2021 ஏப்ரலில், ஆய்வுக்காக வேண்டுமென்றே பழுதான பேட்ச்களை அனுப்பிய விவகாரத்தில் லினக்ஸ் கெர்னல் மினசோட்டா பல்கலைக்கழகத்தையே தடைசெய்தது. அங்கிருந்து முன்பு வந்த பங்களிப்புகளும் மறுபடி ஆராயப்பட்டன. ஒருவர் செய்தது கல்லூரி முழுவதன் பெயரிலும் எழுதப்படுகிறது. எனவே புல் ரிக்வெஸ்டின் எண்ணிக்கைக்கு மதிப்பெண் தருவது மாணவருக்கும் கல்லூரிக்கும் கேடு.

முடிவுரை

மூன்று பரிந்துரைகள். தமிழ்த் திட்டங்கள் பங்களிப்பு வழிகாட்டியைத் தமிழிலேயே எழுதி, சோதனை எழுதுவதை முதல் வேலையாக வைக்க வேண்டும். மறுமொழி, பிழையைக் காட்டும் உள்ளீட்டையும் அடுத்த படியையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கல்லூரிகள் மதிப்பெண் தருவதாயின், ஒரே திட்டத்துக்கு மதிப்பாய்வுக்குப் பிறகு திருத்தி அனுப்பிய இரண்டாவது பேட்சுக்குத் தர வேண்டும். கிருஷ்ணன்கோவிலிலோ ராஜபாளையத்திலோ ஒரு துறை அடுத்த பருவத்திலேயே இதைத் தொடங்கலாம். இதற்குப் புதிய நிதியோ புதிய ஆய்வகமோ தேவையில்லை.