திரைச்சுவரும் தூய்மைப் பணியாளரும்: புதிய கட்டடங்களில் குப்பைக்கான இடம் பற்றிய விதிகள்

தென்காசியிலிருந்து குற்றாலம் செல்லும் சாலையிலும், அதையொட்டிய மேலகரம், இலஞ்சிப் பகுதிகளிலும் தங்கும் விடுதிகளும் வீட்டுமனைப் பிரிவுகளும் பெருகி வருகின்றன. இவற்றுக்கு வரைபட அனுமதி கோரும்போது பக்க இடைவெளி, வண்டி நிறுத்துமிடம், மழைநீர் சேகரிப்பு ஆகியவை தவறாமல் கேட்கப்படுகின்றன. அங்கே உண்டாகும் குப்பை எங்கே வைக்கப்படும், அதை யார், எந்த வழியாக வந்து எடுப்பார் என்ற கேள்வியோ கட்டி முடித்த பிறகே பலருக்கு நினைவுக்கு வருகிறது. அப்போது மிஞ்சுவது கழிவுநீர்த் தொட்டியின் ஓரமோ சமையற்கூடத்தின் பின்புறச் சந்தோதான்.

பிற நாடுகளில் இதற்கென்றே விதிகள் உண்டு. புதிய வணிக வளாகத்திலும் அடுக்ககத்திலும் வைக்கப்படும் பெருந்தொட்டிகள் சாலையிலிருந்து பார்த்தால் தெரியாதபடி சுவர் எழுப்பிக் கதவிட்டு மறைக்கப்பட வேண்டும் என்று அமெரிக்க நகரங்கள் பலவற்றின் மண்டல விதிகள் கட்டளையிடுகின்றன. சுவரின் உயரம், கட்டுமானப் பொருள், அண்டை மனையிலிருந்து தூரம் ஆகியவை வரை அவை வரையறுக்கும். பார்ப்போரின் கண்ணையும் அண்டை வீட்டாரின் சொத்து மதிப்பையும் காப்பதே அவற்றின் முதன்மை நோக்கம்.

இந்தியச் சட்டத்துக்கும் இந்த அக்கறை புதியதன்று. 2000ஆம் ஆண்டின் நகராட்சித் திடக்கழிவு விதிகள், சேமிப்பிடத்தில் கழிவு திறந்தவெளியில் கிடக்கக் கூடாது என்றும், அவ்விடம் பார்வைக்கு ஏற்புடையதாக இருக்க வேண்டும் என்றும் கூறின. அதே அட்டவணையில் வேறொரு கட்டளையும் இருந்தது. கழிவைக் கையால் கையாளுவது தடை செய்யப்பட்டது. தவிர்க்க முடியாத நிலையில் தொழிலாளரின் பாதுகாப்புக்கு உரிய முன்னெச்சரிக்கையுடன் மட்டுமே அது அனுமதிக்கப்பட்டது. இவ்விரண்டில் எது நம் ஊர்களில் நிறைவேறியது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

மறைப்பதற்கு இங்கே நீண்ட வரலாறு உண்டு. உலர் கழிப்பறைகள் இருந்த காலத்தில் பல நகரங்களில் வீட்டு வரிசைகளுக்குப் பின்னால் குறுகிய சந்துகள் விடப்பட்டன. மலம் அள்ளுபவர் வீட்டின் முன்வாசலையோ தெருவையோ தொடாமல் வந்துபோவதற்கான வழி அது. நகரமைப்பின் பேரில் போடப்பட்ட அந்தக் கோடு சாதியின் கோடாகவும் இருந்தது. இன்று ஒரு விடுதியின் வரைபடத்தில் குப்பையிடம் பின்சுவரை ஒட்டி, வண்டி நுழைய முடியாத இரண்டடி நடைவழியின் முடிவில் குறிக்கப்படும்போது, பழைய சந்து புதிய மையில் வரையப்படுகிறது. இப்பணியில் இருப்போர் யார் என்பதில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. தமிழ்நாட்டில் அவர்களில் பெரும்பான்மையோர் பட்டியல் சாதியினர். அவர்களுள்ளும் அருந்ததியர் மிகுதி. ஒன்றிய அரசின் நமஸ்தே திட்டத்தின்கீழ் 2024 வரை விவரம் திரட்டப்பட்ட சுமார் 38,000 கழிவுநீர், மலக்குழித் தொழிலாளரில் 68.9 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். துப்புரவுப் பணியாளர் என்ற பெயர் தூய்மைப் பணியாளர் என்று மாறியபோதும் இந்த விகிதம் மாறவில்லை.

விதிகளில் உள்ள பிடி

2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் முதன்முறையாகக் கட்டட அனுமதியையும் குப்பையையும் தெளிவாக இணைத்தன. குழு வீட்டுவசதிக்கும் வணிக வளாகத்துக்கும் வரைபட அனுமதி வழங்கும்போதே, கழிவைச் சேகரித்துப் பிரித்து வைக்கும் இடம் வரைபடத்தில் சேர்க்கப்பட்டிருப்பதை உள்ளாட்சி உறுதி செய்ய வேண்டும் என்றன. 200 குடியிருப்புகளுக்கு மேற்பட்ட, அல்லது 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் அமையும் வளாகங்களுக்கு வளர்ச்சித் திட்டத்திலேயே தனியிடம் ஒதுக்கப்பட வேண்டும் என்பது மற்றொரு பிரிவு. 2026 ஏப்ரல் 1 முதல் இவ்விதிகளின் இடத்தில் புதிய விதிகள் நடைமுறைக்கு வரும் என அறிவிக்கப்பட்டது. ஈரக் கழிவு, உலர் கழிவு, சுகாதாரக் கழிவு, தனிக்கவனக் கழிவு என நான்காகப் பிரிக்க வேண்டும் என்பது அவற்றின் முக்கிய மாற்றம். பெருமளவு கழிவு உண்டாக்குவோர் என்ற வகைக்குள் வர 20,000 சதுர மீட்டர் தளப்பரப்பு, நாளொன்றுக்கு 40,000 லிட்டர் நீர்ப் பயன்பாடு, 100 கிலோ கழிவு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று போதும்.

நம் பகுதியின் கணக்கில் இதைப் பார்க்க வேண்டும். 5,000 சதுர மீட்டர் என்பது ஏறத்தாழ 124 சென்ட். குற்றாலத்தில் பத்து, இருபது சென்ட் மனையில் நிற்கும் விடுதிக்கு அந்தப் பிரிவு பொருந்தாது. ஆனால் சாரல் காலத்து வார இறுதியில் அறைகள் நிரம்பி உணவகமும் இயங்கினால், எச்சில் இலையும் உணவு மிச்சமும் எண்ணெய்ப் பாட்டில்களும் விட்டுச்சென்ற ஈரத்துணியுமாக நூறு கிலோவை எட்டுவது அரிதன்று. மனையின் அளவால் தப்பும் விடுதி கழிவின் எடையால் சிக்க வேண்டும். அந்த எடையை யாராவது நிறுத்துப் பார்த்தால்தான் அது நடக்கும். ஆண்டு முழுவதற்குமான சராசரி எடுத்தால் ஆடி மாதத்துக் குவியல் கணக்கில் கரைந்துவிடும் என்பதையும் கவனிக்க வேண்டும்.

சாரல் குற்றாலத்துக்கு அழகு. குப்பை எடுப்பவருக்கு அதுவே முதல் இடர். கூரையில்லாத தொட்டியில் மழை இறங்கினால் கழிவின் எடை கூடுகிறது. அடியில் கறுப்பாகத் தேங்கும் கசிவுநீர், தூக்கும்போது தோளிலும் முதுகிலும் வழிகிறது. தரையில் ஓடி ஓடையைச் சேர்ந்தால் சிற்றாறு வழியாகச் சீவலப்பேரி அருகே தாமிரபரணி வரை செல்லும் நீரில் கலக்கிறது. மூடியில்லாத தொட்டியைக் குரங்குகள் கிளறிப் பரப்புகின்றன. பரவியதைத் திரும்ப அள்ளும் கை, உடைந்த மதுப்புட்டிகளுக்கும் குழந்தைகளின் அணையாடைகளுக்கும் இடையே செல்கிறது. திரைச்சுவர் மட்டும் எழுப்பினால் இவற்றில் ஒன்றும் தீராது. நான்கு பக்கமும் மூடிய, விளக்கில்லாத அறையாக அது அமைந்தால் நாற்றமும் வெப்பமும் கூடும். உள்ளே வழுக்கி விழுந்தவரை யாரும் பார்க்கவும் மாட்டார்கள்.

வரைபடத்தில் பார்க்க வேண்டியவை

ஆகவே வரைபடத்தில் குப்பைத் தொட்டி என ஒரு கட்டம் இருந்தால் மட்டும் போதாது. பேட்டரி வண்டி அந்த இடத்தின் வாசல் வரை வந்து திரும்ப முடியுமா, நடுவே படிகள் உண்டா என்பது முதற்கேள்வி. தளம் சிமென்டால் போடப்பட்டு, சரிவோடு, கசிவுநீர் தெருவோரக் கால்வாய்க்குப் போகாமல் கட்டடத்தின் கழிவுநீர் அமைப்புக்குச் செல்ல வேண்டும். மேலே கூரை வேண்டும். காற்றோட்டம் தடைபடாத இடைவெளியும் வேண்டும். நான்கு வகைக் கழிவுக்கும் தனித்தனிக் கலன்கள் நிற்க இடமில்லையெனில், மாடியில் பிரித்த குப்பை கீழே வந்து ஒன்றாகிவிடும். அதை மறுபடி பிரிப்பவர் பணியாளரே. கலனின் விளிம்பு மார்பளவுக்கு மேல் இருக்கக் கூடாது, ஏனெனில் இப்பணியில் பெண்கள் மிகுதி. தலைக்கு மேல் தூக்கிக் கவிழ்ப்பதன் விலையை அவர்களின் முதுகெலும்புதான் தருகிறது. கை கழுவக் குழாயும் சோப்பும் அவ்விடத்திலேயே இருக்க வேண்டும். விருந்தினருக்கு நீச்சல் குளம் கட்டும் விடுதி, குப்பையிடத்துக்கு அரையங்குலக் குழாய் இழுக்கத் தயங்குவதற்கு செலவு காரணமாக இருக்க முடியாது. பணியாளர் பயன்படுத்தக் கழிப்பறையும் வேண்டும். அது விடுதி ஊழியர்களுடையதாகவே இருக்கலாம், தனியாக ஒதுக்கப்பட்டதாக இருக்கக் கூடாது.

இப்பகுதிக்கே உரிய சிக்கல் ஒன்றுண்டு. ஒரே சுற்றுலாப் பெருக்கின் குப்பை பல உள்ளாட்சிகளின் எல்லைக்குள் விழுகிறது. தென்காசி நகராட்சி, மேலகரம், இலஞ்சி, குற்றாலம் ஆகியவை பேரூராட்சிகள், பழைய குற்றாலம் அமைந்த ஆயிரப்பேரி கிராம ஊராட்சி. கிராம ஊராட்சிகளில் மதிப்பூதியம் பெறும் தூய்மைக் காவலர்களும், நகர்ப்புறங்களில் பெருமளவு ஒப்பந்தப் பணியாளர்களும் இவ்வேலையைச் செய்கின்றனர். கையுறை, முகக்கவசம், மழைக்கோட்டு, உரிய காலணி ஆகியவை வழங்கப்படுவதை உள்ளாட்சி உறுதி செய்ய வேண்டும் என 2016 விதிகள் கூறின. ஒப்பந்ததாரர் இடையில் வந்ததும் அந்தப் பொறுப்பு யாருடையது என்பது வழக்காகிவிடுகிறது. 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன்பு, இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலப் பணி தனியாருக்கு விடப்பட்டதை எதிர்த்துப் பணியாளர்கள் பதின்மூன்று நாட்கள் அமர்ந்திருந்ததும், நள்ளிரவில் அப்புறப்படுத்தப்பட்டதும் அண்மைய நினைவு.

2016 விதிகளில் அளவு வரம்பு இல்லாத ஒரு பிரிவும் இருந்தது. எல்லா விடுதிகளும் உணவகங்களும் கழிவைப் பிரிக்க வேண்டும், மக்கும் கழிவை இயன்றவரை தம் வளாகத்துக்குள்ளேயே உரமாக்கவோ எரிவாயுவாக்கவோ வேண்டும் என்பது அது. சிறிய விடுதிகளிடம் கேட்க இதுவே வழியாக இருந்தது. ஈரக் கழிவு உள்ளேயே தங்கினால் பணியாளர் தூக்க வேண்டிய எடையில் பெரும்பகுதி குறையும்.

தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019இன்படி முடிவுச் சான்று தேவைப்படும் கட்டடங்களுக்கு, அச்சான்று இல்லாமல் நிரந்தர மின் இணைப்பு கிடைக்காது. விதிகள் கேட்கும் குப்பையிடத்தை வரைபடத்தில் காட்டிவிட்டுக் கட்டாமல் விட்டவரைத் தடுத்து நிறுத்தும் கடைசி இடம் அதுதான். அனுமதிக்கப்பட்ட வரைபடத்தின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன்கீழ் உள்ளாட்சியிடம் குடிமக்கள் எவரும் கோரலாம். முடிவுச் சான்றுக்கு முந்தைய தள ஆய்வின் அறிக்கையையும் அதே மனுவில் கேட்கலாம்.