பம்பாய்ச் சாவுப் பட்டியல்

அரசனும் ஆண்டியும் சாவின் முன் சமம் என்று காலட்சேபக்காரர்கள் கனிவோடு கூறுவர். கேட்போர் தலையசைப்பர். தாழ்த்தி வைக்கப்பட்டவனுக்கும் அதிலே ஓர் ஆறுதல்: வாழ்விலே கிட்டாத சமத்துவம் சுடுகாட்டிலேனும் கிட்டுகிறதல்லவா! நாமும் நெடுநாள் இதை மறுத்துப் பேசியதில்லை. மறுக்கத் தூண்டியது ஒரு பட்டியல். 1918ஆம் ஆண்டு, இன்று மும்பை எனப்படும் பம்பாய் நகரிலே, இன்புளுயன்ஸா காய்ச்சலில் மாண்டோரை வகுப்புவாரியாகப் பிரித்து, ஆயிரம் பேருக்கு எத்தனை பேர் என்று கணக்கிட்டுக் காட்டும் பட்டியல் அது.

காய்ச்சல் வந்த கதையை முதலிலே கூறிவிடுவோம். முதல் உலகப் போரின் கடைசி ஆண்டு. துருப்புகளை ஏற்றிய கப்பல்கள் பம்பாய்த் துறைமுகத்திலே வந்து அணைந்துகொண்டிருந்தன. ஜூன் 10ஆம் நாள், போலீஸ் சிப்பாய்கள் எழுவர் காய்ச்சலோடு மருத்துவமனை சேர்ந்தனர். மலேரியா அல்ல, அது மட்டும் தெரிந்தது. சில நாட்களிலே துறைமுக ஊழியர் படுத்தனர், கப்பல் கம்பெனிக் குமாஸ்தாக்கள் படுத்தனர், ஆலைத் தொழிலாளர் படுத்தனர். கப்பல்தான் நோயைக் கொண்டுவந்தது என்றார் நகரச் சுகாதார அதிகாரி டர்னர். இல்லை, நகரம்தான் கப்பலுக்குக் கொடுத்தது என்றது அரசாங்கம். பழி யாருடையது என்று வழக்காடிக்கொண்டிருக்கையிலே காய்ச்சல் ரயிலேறிவிட்டது!

அந்த முதல் அலை விரைவிலே தணிந்தது. செப்டம்பரில் திரும்பி வந்தது கொல்லும் உருவிலே. நுரையீரலைப் பற்றியது, இருபதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட, உழைக்கும் வயதினரையே தேடித் தேடிச் சாய்த்தது. அக்டோபர் 6ஆம் நாள் பம்பாயிலே பதிவான சாவு 768. ஒரே நாளிலே, ஒரே நகரிலே!

டாக்டர்களிடம் மருந்து இல்லை. மனிதரைப் பற்றும் இன்புளுயன்ஸா வைரஸைப் பிரித்தெடுத்ததே 1933இல்தான். பகைவனின் முகம் தெரியாத அந்த நாளில் சுகாதார அதிகாரியின் கையிலே இருந்த ஒரே கருவி கணக்கேடு. இன்று எத்தனை பேர், எந்த வட்டாரம், என்ன வயது, ஆணா பெண்ணா, எந்த வகுப்பு என்று எழுதி வைத்தனர். அப்படி எழுதியதிலிருந்து பிறந்ததே நாம் கூறும் பட்டியல். அது வருமாறு.

ஐரோப்பியர், ஆயிரத்துக்கு 8.3. பார்சிகள் 9.0. ஆங்கிலோ இந்தியர் 11.9. யூதர் 14.8. இந்தியக் கிறிஸ்தவர் 18.4. ஜாதி இந்துக்கள் 18.9. முஸ்லிம்கள் 19.2. இறுதியாக, ‘தாழ்ந்த ஜாதி இந்துக்கள்’ என்று வெள்ளையர் ஏடு குறித்த மக்கள் 61.6.

பள்ளியிலே விகிதக் கணக்கை நாம் பாலும் நீரும் கலந்து கற்பிக்கிறோம். பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள். இந்த விகிதத்தைக் கொண்டு கற்பித்துப் பார்ப்போம். நாம் பாடம் நடத்தும் வகுப்பிலே 48 பிள்ளைகள். ஆயிரத்துக்கு 61.6 என்றால் பதினாறு பேரில் ஒருவர். அதாவது இந்த வகுப்பிலே மூன்று இடங்கள் காலி. ஆயிரத்துக்கு 8.3 என்றால் நூற்றிருபது பேரில் ஒருவர். அதாவது இத்தகைய வகுப்புகள் இரண்டரைக்கு ஓர் இடம் காலி. காய்ச்சலும் ஒன்று, ஊரும் ஒன்று, மாதமும் ஒன்று.

இதற்குக் காரணம் என்ன? முன்வினை என்பார் உளர். அவர் பட்டியலை மீண்டும் ஒரு முறை படிக்கட்டும். ஐரோப்பியர் தொழுவதும் ஏசுவை, இந்தியக் கிறிஸ்தவர் தொழுவதும் ஏசுவை. ஒரே வேதம், ஒரே ஜெபம். சாவு மட்டும் இரு மடங்குக்கு மேல்! ஜாதி இந்துவுக்கும் முஸ்லிமுக்கும் கடவுள் வேறு, சடங்கு வேறு, கோயில் வேறு. சாவு ஏறக்குறைய ஒன்றே. ஜாதி இந்துவும் தாழ்த்தப்பட்டவனும் ஒரே மதத்தினர் என்று ஏடு கூறுகிறது. சாவோ மூன்று மடங்குக்கு மேல் வேறுபடுகிறது. தெய்வத்தைக் கொண்டு இந்த எண்களை வரிசைப்படுத்த முயன்றால் வரிசை குலைகிறது. வீட்டைக் கொண்டு, கூலியைக் கொண்டு, குடிக்கும் கஞ்சியைக் கொண்டு அடுக்கிப் பாருங்கள், எண்கள் தாமே வரிசையில் வந்து நிற்கும்.

அந்த ஆண்டு பருவமழை பொய்த்தது. தானியம் விலை ஏறிற்று. பம்பாயிலே தொழிலாளர் வாழ்ந்தது சால் எனப்படும் வரிசைக் கட்டடங்களிலே. ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை, சில நேரம் இரு குடும்பத்துக்கு ஓர் அறை. ஒருவர் இருமினால் அறையிலே எல்லோருக்கும் பங்கு. படுத்தால் அன்றைய கூலி இல்லை. ஆகவே காய்ச்சலோடு ஆலைக்குப் போனார்கள். கடைசியாக உண்டு, முதலாவதாக எழுந்து, எல்லோருக்கும் பணிவிடை செய்த பெண்கள் ஆண்களைவிட அதிகமாக மாண்டார்கள்.

ஒன்றை நேர்மையாகக் கூறவேண்டும். விகிதம் போடச் சாவின் எண்ணிக்கை மட்டும் போதாது, உயிரோடு இருந்தோரின் எண்ணிக்கையும் வேண்டும். அப்போது கையிலிருந்த கடைசிக் குடிக்கணக்கு 1911ஆம் ஆண்டுடையது. ஏழாண்டுகளிலே பிழைப்புத் தேடி நகருக்கு வந்தோர் எத்தனையோ பேர். ஆகவே 61.6 என்பதிலே புள்ளிக்குப் பின்னுள்ள எண்ணுக்காக நாம் வாதாட மாட்டோம். ஆனால் ஏழு மடங்குக்கு மேற்பட்ட வேறுபாட்டை எந்தப் பிழையைக் கொண்டு மூட முடியும்?

நகரமாவது எழுதி வைத்தது. கிராமத்தின் நிலை என்ன? அங்கே பிறப்பு இறப்பைத் தெரிவிக்கும் பொறுப்பு ஊர்த் தலைவனுக்கும் காவல்காரனுக்கும். எழுதப் படிக்கத் தெரியாத காவல்காரன் எந்தச் சாவையும் ‘காய்ச்சல்’ என்றே கூறுவான், அதுவும் அப்படியே ஏட்டில் ஏறும். கொள்ளைநோய் வந்தபோது தெரிவிக்க வேண்டியவனே படுத்தான். பல ஊர்களிலே அவனே மாண்டான். ஏடு வெறுமையாயிற்று. ஏடு வெறுமையானால், தலைநகரிலே அமர்ந்து கூட்டுபவனுக்கு அந்த ஊரில் சாவு இல்லை!

ஆகவே வேறொரு வழியிலே கணக்கிட்டனர். சாதாரண ஆண்டுகளிலே எத்தனை பேர் சாகின்றனர் என்று பார்த்து, அதற்கு மேற்பட்டதைக் காய்ச்சலின் கணக்கிலே எழுதினர். பிரிட்டிஷ் இந்தியாவிலே 1917இல் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 33ஆக இருந்த சாவு விகிதம் 1918இல் 62ஐத் தொட்டது. சுகாதார ஆணையர் நார்மன் வைட் முதலிலே மதிப்பிட்டது சுமார் 60 லட்சம். 1921ஆம் ஆண்டுக் குடிக்கணக்கு வந்தபின், பதிவாகாத சாவுகளையும் சமஸ்தானங்களையும் சேர்த்து, 1 கோடியே 20 லட்சத்துக்கு மேல் என்றனர். 1986இல் ஆய்வாளர் மில்ஸ் 1 கோடியே 70 லட்சம் முதல் 80 லட்சம் வரை என்றார். செத்தவர்கள் அதே பேர்தான். ஆண்டுகள் செல்லச் செல்ல அவர்கள் கணக்கிலே வந்து சேர்ந்துகொண்டேயிருக்கிறார்கள். இன்றைய இந்திய எல்லைக்குள் மக்கள்தொகை 1911க்கும 1921க்கும் இடையே குறைந்தது. நூற்றாண்டுக்கு மேற்பட்ட குடிக்கணக்கு வரலாற்றிலே அப்படிக் குறைந்த பத்தாண்டு அது ஒன்றே.

பழங்கதை என்று ஒதுக்க வேண்டாம். கோவிட் நோயிலே 2020, 2021 ஆகிய ஈராண்டுகளில் இந்தியாவிலே மாண்டோர் சுமார் 4 லட்சத்து 80 ஆயிரம் என்றது அரசாங்கக் கணக்கு. அதே மிகைச்சாவு முறையைக் கொண்டு உலக சுகாதார நிறுவனம் 2022 மே மாதத்திலே கூறியது 47 லட்சம். கணக்கிட்ட முறையே சரியில்லை என்று அரசாங்கம் மறுத்தது. கங்கையிலே மிதந்து வந்த உடல்களை 2021இல் நாடே கண்டது. அவை எந்த ஏட்டிலே ஏறின என்று கேட்டவர்களுக்குத்தான் விடை கிடைக்கவில்லை.

மராத்தி நாட்டுக் கிராமங்களிலே ஒரு வழக்கம் இருந்தது. மேல்ஜாதி வீட்டிலே சாவு நேர்ந்தால், வெயிலானாலும் மழையானாலும், அந்தச் செய்தியைச் சுமந்து அயலூர் உறவினர் வீடுகளுக்கு ஓடவேண்டியது மகார் மக்களின் ஊழியம். கூலி கேட்கும் உரிமை இல்லாத ஊழியம். 1918 அக்டோபரில் அவர்கள் எத்தனை முறை ஓடியிருப்பார்கள்! அவர்கள் சேரியிலே விழுந்த பிணங்களின் செய்தியைச் சுமந்து ஓட எவரும் இல்லை. நகரத்து ஏட்டிலே அந்த மக்களுக்கு 61.6 என்று ஓர் எண்ணாவது கிடைத்தது. கிராமத்திலே அதுவும் இல்லை.