வினாக்கொத்தும் வயல்வரம்பும்

ஆளுவோர் மக்களை எண்ணிக் கணக்கெடுப்பது மிகப் பழைய வழக்கம். வரி இறுப்போர் எத்தனை பேர், சாலை வெட்டக் கிடைப்போர் எத்தனை பேர், தோட்டத்துக்கு வேண்டிய கைகள் எங்கே உள்ளன என்பவற்றை அறியும் தேவை அவர்களுக்கு என்றும் இருந்துவந்துள்ளது. இலங்கையில் முதலாவது குடிசன மதிப்பு 1871ஆம் ஆண்டு எடுக்கப்பட்டபோதும் எண்ணியவர் ஆட்சியாளர், எண்ணப்பட்டவர் மக்கள். இவ்வுறவு மாறி, எண்ணப்பட்ட மக்களின் பிள்ளைகளே வினாக்கொத்தைக் கையில் ஏந்தித் தம் நாட்டுக் கிராமங்களுக்குள் நுழைந்தமை இருபதாம் நூற்றாண்டின் நிகழ்ச்சியாகும். பல்கலைக்கழகங்களின் வரலாற்றை எழுதுவோர் கட்டடங்களையும் துணைவேந்தர்களையும் பற்றி விரிவாகக் கூறுகின்றனர். இந்நிகழ்ச்சியைப் பற்றிப் பெரிதும் கூறுவதில்லை. ஆதலின் அதனைச் சிறிது விரிவாக நோக்குவது பயனுடைத்து என்று கருதுகின்றோம்.

தமிழர் வாழும் நிலப்பரப்பில் இம்முயற்சியின் தொடக்கத்தைச் சென்னையிற் காண்கிறோம். ஒக்ஸ்போட் நகரில் தொழிலாளர் கல்விக்கென அமைந்த றஸ்கின் கல்லூரியின் அதிபராக இருந்த கில்பேட் சிலேற்றர், 1915ஆம் ஆண்டின் இறுதியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது இந்தியப் பொருளியற் பேராசிரியராக வந்து சேர்ந்தார். இங்கிலாந்தின் பொது நிலங்கள் வேலியடைக்கப்பட்டு அந்நாட்டு உழவர் நிலமிழந்த வரலாற்றை முன்னரே நூலாக எழுதியவர் அவர். இந்திய மாணவருக்கு இங்கிலாந்துப் பொருளியலை ஒப்புவித்தலில் அவருக்கு நிறைவு ஏற்படவில்லை. வினாக்கொத்தொன்றை வகுத்து மாணவரிடம் கொடுத்து, விடுமுறையில் அவரவர் ஊரை ஆராய்ந்து வருமாறு அனுப்பினார். இருவேல்பட்டு, தூசி, பாலக்குறிச்சி, வடமலைபுரம், கங்கைகொண்டான் முதலிய ஊர்களைப் பற்றிய கட்டுரைகள் அவ்வாறே உருவாகி 1918ஆம் ஆண்டு நூலாக வெளிவந்தன. பண்ணையாரிடம் பெற்ற கடனால் தலைமுறை தலைமுறையாகக் கட்டுண்டு கிடந்த படியாளின் நிலையை அந்நூல் பதிவுசெய்தது. அவ்வூர்களுக்குப் பி. ஜே. தோமஸ், கே. சி. இராமகிருஷ்ணன் ஆகியோரின் முயற்சியால் 1930களில் ஆராய்ச்சியாளர் மீண்டும் சென்றனர். அவர்களுக்குப் பின்னரும் சென்றனர். இருவேல்பட்டில் 2008ஆம் ஆண்டிலும் ஆய்வு நிகழ்ந்தது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் ஓர் ஊரை இடைவிட்டு இடைவிட்டுத் திரும்பிப் பார்த்ததன் பயனாகவே, படியாள் முறை எவ்வாறு தோன்றி எவ்வாறு மறைந்தது என்பதை இன்று சான்றோடு பேச முடிகிறது.

எனினும் ஒன்று மனங்கொள்ளத்தக்கது. 1916ஆம் ஆண்டிற் கல்லூரி வரை படிக்க முடிந்தோர் பெரும்பாலும் நிலமுடையோர் வீட்டுப் பிள்ளைகளும் உயர்த்தப்பட்ட சாதியினரும் ஆவர். தன் ஊருக்குத் திரும்பும் மாணவனுக்கு யாரிடம் எதைக் கேட்கவேண்டும் என்பது தெரியும். ஆனால் தான் எந்தத் தெருவுக்குள் நுழைந்ததில்லை என்பது அவன் நினைவுக்கு வராமலே போகலாம். வினாக்கொத்து எவ்வளவு நேர்த்தியாக வகுக்கப்பட்டிருப்பினும் அதனைச் சுமந்து செல்பவனின் வர்க்கமும் சாதியும் அவனோடு கூடவே செல்கின்றன. இப்பாடத்தை நாம் மறத்தலாகாது.

இலங்கைக்கு வருவோம். 1942ஆம் ஆண்டு ஐவர் ஜெனிங்ஸ் துணைவேந்தராக, அந்நாளில் சர்வகலாசாலை என வழங்கிய இலங்கைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. கிரேக்கரின் நகர அரசையும் ஆங்கிலேயரின் பாராளுமன்றத்தையும் நுணுகிக் கற்ற நம் மாணவர், கண்டிக்கு அப்பால் ஒரு குடியானவன் எத்தனை புசல் நெல் விளைவித்து அதில் எத்தனை புசலை வீட்டுக்குக் கொண்டுசெல்கிறான் என்பதைக் கற்க வாய்ப்பின்றி இருந்தனர். 1940களின் இறுதியிற் சமூகவியல் ஒரு பாடமாக அமைக்கப்பட்டது. அதற்குப் பொறுப்பாக வந்த அமெரிக்கரான பிறைஸ் றயன், சிங்களச் சமூகத்தின் சாதியமைப்பைப் பற்றிய தம் நூலை 1953ஆம் ஆண்டு வெளியிட்டார். சாதி என்பது பேசாதிருந்தால் மறைந்துவிடும் என்று எண்ணியிருந்த கனவான்களுக்கு அந்நூல் உவப்பாக இருந்திராது.

இதே காலத்தில் நிகழ்ந்ததே பாததும்பறை ஆய்வு. கண்டிக்கு அருகே உள்ள இப்பிரிவின் கிராமங்களிற் பல்கலைக்கழகம் 1950களின் தொடக்கத்தில் ஒரு சமூக பொருளாதார ஆய்வை நடத்தியது. அதன் பெறுபேறுகளைப் பொருளியலாளரான என். கே. சர்க்காரும் இளம் சமூகவியலாளரான எஸ். ஜே. தம்பையாவும் எழுதினர். சிதைந்துவரும் கிராமம் என்ற பொருள்படும் ஆங்கிலத் தலைப்போடு அந்நூல் 1957ஆம் ஆண்டு வெளிவந்தது.

அந்தத் தலைப்பே அன்று ஒரு வாதமாக இருந்தது. குளமும் விகாரையும் வயலும் சூழ, ஏற்றத்தாழ்வின்றி ஒன்றுபட்டு வாழும் கிராமம் என்னும் ஓவியத்தை அரசியல்வாதிகள் மேடைதோறும் வரைந்துகொண்டிருந்த காலம் அது. ஆய்வாளர் கண்ட கிராமமோ வேறு. நிலமில்லாதோரும் பெயருக்குச் சிறிது நிலமுடையோரும் அங்கே மலிந்திருந்தனர். வயலின் சொந்தக்காரன் ஒருவன், உழுபவன் மற்றொருவன். அந்தே எனப்படும் வார முறையில் உழுபவன் விளைச்சலிற் பாதியைச் சொந்தக்காரனுக்கு அளந்தான். பரம்பரையாகப் பங்குபோடப்பட்ட வயல் மேலும் துண்டாட முடியாத அளவு சிறுத்தபோது, தட்டுமாறு என்னும் முறையில் பங்காளிகள் ஆண்டுக்கு ஒருவராக முறைவைத்துப் பயிரிட்டனர். தன் முறை வரும்வரை காத்திருக்கும் குடும்பம் கூலிவேலையை நாடாது என்செய்யும்? கிராமம் தன் மக்களைத் தானே உண்பிக்க வல்லதாக இருக்கவில்லை என்பதே ஆய்வின் சாரம்.

இந்நிலை எவ்வாறு ஏற்பட்டது? அதன் வேர் 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிகள் ஆக்கிரமிப்புச் சட்டத்திற் கிடக்கிறது. காட்டையும் தரிசையும் சேனையையும் தமதென்று காட்ட எழுத்துச் சான்று இல்லாதவிடத்து அவை முடிக்குரியவை என்று அச்சட்டம் கொண்டது. தலைமுறையாகச் சேனை செய்துவந்த குடியானவனிடம் உறுதிப் பத்திரம் ஏது? 1844ஆம் ஆண்டுக்கு முன்னர் முடிக்குரிய காணி ஏக்கர் ஐந்து சிலிங்கு என்ற அடிப்படை விலைக்கும் விற்கப்பட்டது. வாங்கியோருள் ஆட்சி உத்தியோகத்தரும் இருந்தனர் என்பது வரலாற்று மாணவர் அறிந்ததே. கோப்பி வந்தது, 1869ஆம் ஆண்டு தோன்றிய இலைநோயால் அழிந்தது, தேயிலை வந்தது. மேட்டுநிலம் தோட்டமாயிற்று. கிராமம் பள்ளத்தாக்கின் வயலோடு ஒடுங்கியது. மக்கட்டொகை பெருக, இருந்த வயலுக்கான போட்டியும் பெருகிற்று. போட்டி பெருகப் பெருக வயலுடையோனின் கை ஓங்கிற்று.

இவ்வாறாயின் கண்டிக் குடியானவனின் வறுமைக்கு இரு காரணங்கள் புலனாகின்றன. வெளியே தோட்ட முதலாளித்துவம். உள்ளே நில உடைமை உறவு. இவ்விரண்டிலும் லயன் அறையிற் கிடந்த தோட்டத் தொழிலாளிக்கு யாதொரு பங்குமில்லை. அவன் உறங்கிய அறைகூட அவனுடையதன்று. தென்னிந்தியக் கிராமங்களிற் கடனாலும் பஞ்சத்தாலும் பெயர்க்கப்பட்டு, கங்காணியிடம் மீண்டும் கடன்பட்டு மலையேறியவன் அவன். சிலேற்றரின் மாணவர் கண்ட படியாளுக்கும் நம் மலைநாட்டுத் தொழிலாளிக்கும் உறவு தூரமன்று. ஆயினும் குடியானவனின் சினம் முதலாளியின் பங்களாவை நோக்கித் திரும்பாது லயனை நோக்கித் திரும்புமாறு செய்வதில் அரசியல் வெற்றி கண்டது. 1948, 1949ஆம் ஆண்டுச் சட்டங்கள் அத்தொழிலாளரின் பிரசாவுரிமையையும் வாக்குரிமையையும் பறித்தன. மெய்யான ஆராய்ச்சி ஒரு பொய்யை உடைக்கும் ஆற்றல் உடையது என்பதற்குப் பாததும்பறை நல்ல சான்று. ஆனால் உடைத்த செய்தி குடியானவனின் செவிக்கு எட்டியதா என்பதே நம் வினா. நூல் ஆங்கிலத்தில் இருந்தது. விடை சொன்னவன் சிங்களத்தில் விடை சொன்னான். அவன் சொன்னதிலிருந்து பெறப்பட்ட முடிபை அவன் படிக்க வழியில்லை. மற்றொரு குறையையும் மறைத்தல் நேர்மையன்று. கிராமமே அந்நூலின் பொருள். அதே மலையில், அதே மழையில் வாழ்ந்த தோட்டம் அதன் பொருளன்று.

இதற்கிடையில், நூல் வெளிவருவதற்கு முன்னரே, இவ்வரலாற்றின் துயரமான அத்தியாயம் நிகழ்ந்துவிட்டது. 1956ஆம் ஆண்டு யூன் மாதம் தம்பையா தம் சமூகவியல் மாணவர் 33 பேரோடு கல்லோயாப் பள்ளத்தாக்குக்குச் சென்றார். மாணவருள் 26 பேர் சிங்களவர், எழுவர் தமிழர். கிழக்கு மாகாணத்தில் இங்கினியாகலை அணையின் கீழ்க் குடியேற்றப்பட்ட விவசாயிகளின் வாழ்க்கையை ஆராய்வது அவர்தம் நோக்கம். அதே மாதத்திற் கொழும்பிலே தனிச்சிங்களச் சட்டம் பாராளுமன்றத்திற்கு வந்தது. காலிமுகத்திடலில் சத்தியாக்கிரகம் செய்தோர் தாக்கப்பட்டனர். தீ கல்லோயாவுக்குப் பரவிற்று. வதந்திகள் ஓடின, தமிழர் தாக்கப்பட்டனர், உயிர்கள் பலியாயின. நில உடைமை பற்றியும் நீர்ப்பாசனம் பற்றியும் வினாவச் சென்ற மாணவர், சுதந்திரத்துக்குப் பிந்திய தம் நாட்டின் முதலாவது பெரும் இனக்கலவரத்தின் நடுவே நின்றனர்.

இக்காட்சியை நாம் சற்று நின்று நோக்கவேண்டும். ஒரே வினாக்கொத்தைப் பகிர்ந்து, ஒரே வயல்வரம்பில் நடந்து, மாலையில் ஒன்றாக இருந்து விடைகளைத் தொகுக்கவேண்டிய இளைஞரை வெளியே நின்ற கூட்டம் இருவகையாகப் பிரித்துப் பார்த்தது. அவர்கள் அளக்க வந்தது ஒன்று. அவர்களை அளந்தது வேறொன்று. காணியற்றவனுக்குக் காணி கொடுப்பது முற்போக்கான செயல் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் காணிக்காக நிகழும் போராட்டத்தை இனத்துக்கு இனம் எதிரான போட்டியாக மாற்றினால், குடியேற்றவாசியே ஆளும் வர்க்கத்தின் காலாட்படையாகிவிடும் அவலம் நேரும் என்பதைக் கல்லோயா காட்டிற்று. வினாக்கொத்தில் இடம்பெறாத அந்த வினாவுக்கே அன்று விடை கிடைத்தது.

தம்பையா 1960ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனத்தின் பணியில் தாய்லாந்துக்குச் சென்றார். பின்னர் கேம்பிரிட்ஜ், சிக்காகோ, ஹார்வாட் ஆகிய பல்கலைக்கழகங்களிற் பணியாற்றி, உலகறிந்த மானிடவியலாளராகி, 2014ஆம் ஆண்டு மறைந்தார். கல்லோயாவிற் கண்டதை அவர் மறக்கவில்லை. அன்று எழுதிய அறிக்கையை நாற்பது ஆண்டுகள் கழித்து, தென்னாசியக் கலவரங்களைப் பற்றி 1996இல் வெளியிட்ட தம் நூலிற் சேர்த்தார். உலகம் ஓர் அறிஞரைப் பெற்றது. பாததும்பறையும் கல்லோயாவும் ஓர் ஆய்வாளரை இழந்தன.

இழப்பு ஒருவரோடு முடியவில்லை. 1960ஆம் ஆண்டையொட்டிப் பல்கலைக்கழகக் கலைப்பாடங்கள் சிங்களத்திலும் தமிழிலும் கற்பிக்கப்படலாயின. தாய்மொழிக் கல்வி முற்போக்காளர் நெடுங்காலம் வேண்டிநின்ற ஒன்று. ஏழை வீட்டுப் பிள்ளைக்குப் பேராதனையின் கதவைத் திறந்தது அதுவே. அதனை நாம் ஒருபோதும் குறைகூறோம். ஆனால் சிங்கள மாணவன் தமிழையும் தமிழ் மாணவன் சிங்களத்தையும் கற்க வழி செய்யாமலே அம்மாற்றம் நிகழ்ந்தது. ஒரே பாடத்தை இரு மண்டபங்களில், ஒருவர் குரல் மற்றவருக்குக் கேளாது கற்கும் நிலை உருவாயிற்று. 33 பேர் கொண்ட அத்தகைய குழுவொன்று மீண்டும் ஒன்றாகப் புறப்படுவது அரிதாயிற்று.

எனினும் ஆராய்ச்சி நின்றுவிடவில்லை. காலி மாவட்டக் கிராமமொன்றின் காணியுரிமை வரலாற்றைக் கணநாத் ஒபயசேகர 1967இல் நூலாக்கினார். குமாரி ஜயவர்த்தன 1972இல் இலங்கைத் தொழிலாளர் இயக்கத்தின் எழுச்சியை எழுதினார். 1988இல் காலமான நியூற்றன் குணசிங்க, கண்டிக் கிராமங்களின் மாறிவரும் உறவுகளைப் பற்றிச் செய்த ஆய்வு 1990இல் நூலாக வெளிவந்தது. முதலாளித்துவம் புகுந்த இடமெல்லாம் பழைய உறவுகள் தாமாகவே கரைந்துபோகும் என்ற எளிய கோட்பாட்டை அவர் ஏற்கவில்லை. தோட்டத்தைச் சூழ்ந்த கிராமத்தில் வாரமும் குடியூழியமும் அழியாதது மட்டுமன்றி, புதிய சூழலில் மீண்டும் உயிர்பெற்றும் இயங்கின என்று காட்டினார். கிராமம் சிதைந்தது என்பது பாதி உண்மை. சிதைவிலும் சுரண்டல் சிதையாது நின்றது என்பது மறு பாதி. பிலிப் குணவர்த்தன கொண்டுவந்த 1958ஆம் ஆண்டு நெற்காணிச் சட்டம் வாரத்தைக் குறைத்துக் குத்தகையாளனுக்குப் பாதுகாப்பளிக்க முனைந்தபோது, பல இடங்களிற் சொந்தக்காரர் அவனையே வயலிலிருந்து வெளியேற்றியதன் பொருளை இதனால் நாம் விளங்கிக்கொள்கிறோம். சட்டப் புத்தகத்தில் உரிமை பெற்றவன், ஊரில் அதனைக் காக்கும் வலிமை பெறவில்லை.

ஆசிரியர்களாகவும் மாணவர்களாகவும் உள்ள நாம் இவ்வரலாற்றிலிருந்து கொள்ளவேண்டுவன யாவை? முதலாவது, சென்ற ஊருக்குத் திரும்பச் செல்லவேண்டும். ஒருமுறை எடுத்த கணக்கு ஒரு நிழற்படம்; மறுமுறையும் எடுக்கும்போதே அது வரலாறாகிறது. இரண்டாவது, எவரிடமிருந்து விடை பெற்றோமோ அவரது மொழியில் முடிபை அவரிடமே கொண்டுசேர்க்கவேண்டும். பட்டத்துக்காக எழுதப்பட்டு நூலகத்தில் உறங்கும் ஆய்வேடு, எண்ணப்பட்ட மக்களுக்குப் பழைய குடிசன மதிப்பைப் போன்றே அந்நியமானது. மூன்றாவது, கிராமத்தையும் தோட்டத்தையும், சிங்களக் குடியானவனையும் தமிழ்த் தொழிலாளியையும் தனித்தனி ஏட்டில் எழுதும் வழக்கம் ஒழியவேண்டும். அவர்களது வறுமை ஒரே கணக்கின் இரு பக்கங்கள்.

1956ஆம் ஆண்டு யூன் மாதத்திற் கல்லோயாவுக்குச் சென்ற அந்த 33 மாணவரின் பணி இன்னும் நிறைவுபெறவில்லை. இரு மொழியும் அறிந்த இளைஞர் ஒரே குழுவாக மீண்டும் அவ்வயல்வரம்பில் இறங்கும் நாளில், அவர்கள் இடையில் விட்ட வினாவை நம் மாணவர் தொடர்ந்து கேட்பர்.