வீட்டு நெட்ல போர்ட் ஓப்பன் ஆகலையா... தடுக்கிறது யார்?

வெளியூர்ல இருந்தபடியே வீட்டு சிசிடிவியைப் பார்க்கணும், பழைய லேப்டாப்பை போட்டோ சர்வராக்கணும்னு ரூட்டர்ல 'போர்ட் ஃபார்வர்டிங்' போட்டிருப்பீங்க. ஆனாலும் கனெக்ட் ஆகாது. ரூட்டரை ரீசெட் பண்றதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க.

ஐ.பி முகவரி ஒரு அபார்ட்மென்ட்டோட அட்ரஸ்னா, போர்ட்ங்கிறது உள்ளே இருக்கிற ஃபிளாட் நம்பர். 0-ல இருந்து 65,535 வரை நம்பர்கள் உண்டு. இதுல சிலதை இன்டர்நெட் நிறுவனங்களே வீட்டு வாடிக்கையாளர்களுக்கு அடைச்சு வெச்சிருக்கும். மெயில் சர்வர்கள் தங்களுக்குள்ள பேசுற 25 முக்கியமானது. வைரஸ் புகுந்த கம்ப்யூட்டர்கள், ஓனருக்கே தெரியாம இது வழியா ஸ்பேம் மெயிலா அனுப்பித் தள்ளும். (உங்க ஜிமெயிலுக்கு இதனால பாதிப்பு இல்லை, அது வேற வழியில போகுது!) விண்டோஸ் ஃபைல் ஷேரிங்குக்கான 445-ம் இப்படித்தான். 2017 மே மாசம் 'வான்னாக்ரை' பரவினது அது வழியாத்தான். இந்த ரெண்டையும் அடைக்கிறது நியாயம். ஆனா வெப்சைட்டுக்கான 80, 443-ஐ அடைக்கிறதுல, உங்களை பிசினஸ் பிளானுக்குத் தள்ளுற கணக்கும் இருக்கு.

நம்ம ஊர்ல பல வீடுகள்ல வில்லன் இது எதுவுமே இல்லை, 'சிஜிநாட்'. ஐ.பி.வி4 முகவரிகள் உலகத்துக்கே மொத்தம் சுமார் 429 கோடிதான். பத்தாததால, ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கு போட்டுக் கொடுக்கிறாங்க. வெளியில இருந்து வர்ற கனெக்‌ஷன் எந்த வீட்டுக்குன்னு தெரியாம பாதியிலேயே நின்னுடும். நீங்க ரூட்டர்ல எந்த போர்ட்டைத் திறந்தாலும் வேலைக்கு ஆகாது.

போன்லயே செக் பண்ணலாம். மொபைல் டேட்டாவை ஆஃப் பண்ணிட்டு, வைஃபைல ரூட்டர் பக்கத்தைத் திறந்து (பெரும்பாலும் 192.168.1.1) 'டபிள்யூ.ஏ.என் ஐ.பி'யைக் குறிச்சுக்கோங்க. அப்புறம் உங்க பொது ஐ.பி.வி4 முகவரி என்னன்னு கூகுள்ல தேடிப் பாருங்க. ரெண்டும் வேற வேறயா இருந்து, ரூட்டர்ல இருக்கிறது 100.64-ல இருந்து 100.127-க்குள்ள ஆரம்பிச்சா, சிஜிநாட்தான்.

அப்படின்னா கஸ்டமர் கேர்கிட்ட "போர்ட்டைத் திறந்து விடுங்க"ன்னு கேட்டுப் பலனில்லை. "பப்ளிக் ஸ்டாட்டிக் ஐ.பி கிடைக்குமா, மாசம் எவ்வளவு?"ன்னு கேளுங்க. காசு செலவு பண்ண வேணாம்னா, டெயில்ஸ்கேல் மாதிரி ஆப்பை போன்லயும் வீட்டு லேப்டாப்லயும் போட்டாப் போதும், போர்ட் எதையும் திறக்காமலே அந்த லேப்டாப்போட கனெக்ட் ஆகிடலாம்.

பொது ஐ.பி கிடைச்சாலும் சிசிடிவியை நேரடியா இன்டர்நெட்ல திறந்து வைக்காதீங்க. 2016-ல 'மிராய்' மால்வேர், கம்பெனி போட்ட பாஸ்வேர்டை மாத்தாத கேமராக்களைத்தான் தேடித் தேடிப் பிடிச்சது. உங்க கேமரா பாஸ்வேர்டு இன்னும் 'அட்மின்'தானா? முதல்ல அதை மாத்துங்க பாஸ்.