வீட்டுப்பாடத்தில் இருக்கும் வீடு

கல்கத்தாவின் ஜோராசாங்கோ மாளிகையில் வளர்ந்த இரவீந்திரநாத் தாகூருக்குப் பள்ளி முடிந்த பின்னும் பாடம் முடிந்ததில்லை. மாலையில் ஆங்கிலம் கற்பிக்க மருத்துவக் கல்லூரி மாணவரான அகோர் பாபு வருவார். மழை கொட்டிய ஒரு மாலையில், இன்று ஆசிரியர் வரமாட்டார் என்று சிறுவன் நம்பியிருந்த வேளையில், தெருமுனையில் அவருடைய குடை தென்பட்டது. 1912இல் நூலாக வெளிவந்த 'ஜீவன் ஸ்மிருதி'யில் தாகூர் இதனை நகைச்சுவையோடு நினைவுகூர்கிறார்.

1892ஆம் ஆண்டின் 'சிக்ஷார் ஹேர்ஃபேர்' கட்டுரையில் நகைச்சுவை வாதமாகிறது. கட்டாயப் பாடங்களுக்குள் மட்டுமே அடைக்கப்பட்ட குழந்தையின் மனம் வளராது. விரும்பியதைப் படிக்கும் ஓய்வும் வேண்டும் என்பது அதன் சாரம்.

ஆயினும் ஒன்றைக் கருத வேண்டும். சுமையாக இருந்த அந்த வீட்டிலேயே ஆசிரியர்களும் நூல்களும் கற்றறிந்த தமையன்மாரும் இருந்தனர். எழுத்தறியாப் பெற்றோரின் குழந்தைக்கு வீட்டில் என்ன இருக்கிறது?

இவ்வினாவுக்கான தரவு ஒரு நூற்றாண்டுக்குப் பின் கிடைத்தது. அமர்த்தியா சென் தம் நோபல் பரிசுத் தொகையைக் கொண்டு 1999இல் நிறுவிய பிரதீசி அறக்கட்டளை, மேற்கு வங்கத் தொடக்கக் கல்வியை இருமுறை ஆராய்ந்தது. 2002, 2009 ஆகிய ஆண்டுகளின் அறிக்கைகளுக்கிடையே, தனிப்பயிற்சியைச் சார்ந்திருந்த தொடக்கப்பள்ளி மாணவர் விகிதம் 57இலிருந்து 64 ஆகவும், எளியோருக்கான சிசு சிக்ஷா கேந்திரங்களில் 24இலிருந்து 58 ஆகவும் உயர்ந்தது. வீடு தர இயலாத உதவியைப் பெற்றோர் விலைகொடுத்து வாங்கினர். வாங்க இயலாதோரின் குழந்தைகள் பின்தங்கினர்.

ஹாரிஸ் கூப்பரும் பிறரும் 2006இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வுத் தொகுப்பு, வீட்டுப்பாடத்திற்கும் தேர்ச்சிக்குமான தொடர்பு உயர்வகுப்புகளில் வலுவாகவும் தொடக்க வகுப்புகளில் மெலிந்தும் இருப்பதைக் காட்டியது. சென்னை உயர்நீதிமன்றமும் 2018இல், முதலிரு வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் தரலாகாது என மத்திய இடைநிலைக் கல்வி வாரியப் பள்ளிகள் தொடர்பான வழக்கில் ஆணையிட்டது.

வங்காளியில் இதற்குப் பெயர் 'பாரிர் காஜ்', அதாவது வீட்டின் வேலை. தமிழில் வீட்டுப்பாடம். இரு சொற்களுமே கற்பிக்கவல்ல ஒரு வீட்டை முன்கூட்டியே கற்பித்துக்கொள்கின்றன. பயன் குறித்த விவாதம் அக்கற்பிதத்திலிருந்து தொடங்க வேண்டும். எழுத்தும் எண்ணும் பள்ளி நேரத்திற்குள்ளேயே கைவரப்பெற்ற குழந்தைக்கு மாலையில் தரும் பயிற்சி துணையாகலாம். அவை கைவராத குழந்தைக்கு அது பள்ளி முடிக்காமல் விட்ட வேலையே.