நீ யார் வீட்டுப் பிள்ளை?

ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளில் முதியோர் ஒருவர் முன்பின் அறியாத இளைஞனைக் கண்டால், "கோ லேஷ் ஹூ?" என்று கேட்பது பழைய வழக்கம். "நீ யாரைச் சேர்ந்தவன்?" என்பது அதன் பொருள். நம் ஊர்ப் பெரியவர்கள் "நீ யார் வீட்டுப் பிள்ளை?" என்று வினவுவதும் இதே உள்ளத்தோடுதான். தந்தை பெயர், பாட்டன் பெயர், பூட்டன் பெயர் என அடுக்கிச் சொல்வதே அங்கே அதற்குரிய விடை.

அத்தீவுகளிலிருந்தும் மலைநாட்டிலிருந்தும் கடல் கடந்து சென்றவர்களின் வழித்தோன்றல்கள் இன்று கனடா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளில் பரவியுள்ளனர். தாம் கெல்டிய மரபினர் என்பதை உணர்ந்து அதைத் தழுவ விரும்பும் அவர்கள் முன் இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று முன்னோரின் உடை. மற்றொன்று முன்னோரின் மொழியாகிய கேலிக். இவ்விரண்டும் கடந்து வந்த பாதையை வரலாற்றில் நாம் நோக்கும்போது, சிந்தனைக்குரிய ஓர் உண்மை புலப்படுகிறது.

1746-ஆம் ஆண்டு ஏப்ரல் 16 அன்று கலோடன் போர்க்களத்தில் ஸ்டூவர்ட் அரச குடும்பத்துக்காக எழுந்த படை தோற்றது. அப்படையில் மலைநாட்டார் மிகுதியாக இருந்தமையால், அவர்தம் குலக் கட்டமைப்பையே உடைக்க இலண்டன் அரசு முனைந்தது. அவ்வாண்டே இயற்றிய சட்டத்தால், கட்டமிட்ட டார்ட்டன் துணியாலான மேலாடையையும் கில்ட் எனும் அரையாடையையும் ஆண்கள் அணிவது 1747 ஆகஸ்டு முதல் குற்றமாயிற்று. முதல் முறை பிடிபட்டால் ஆறு மாதச் சிறை. மறுமுறை பிடிபட்டால் ஏழாண்டு நாடு கடத்தல். மன்னரின் படையில் சேர்ந்தவர்க்கு மட்டும் விலக்கு உண்டு. 1782-இல் அச்சட்டம் நீக்கப்படும்வரை ஒரு தலைமுறை அவ்வுடையின்றியே வளர்ந்தது.

ஆயினும் உடை மீண்டது. மகுடத்தோடே மீண்டது எனலாம். 1822-இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வருகை தந்தபோது, நாவலாசிரியர் வால்ட்டர் ஸ்காட் ஏற்பாடு செய்த விழாவில் மன்னரே கில்ட் அணிந்து தோன்றினார். தடை செய்த முடியே அதை உடுத்தியது! ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு தனி டார்ட்டன் என்னும் இன்றைய வழக்கமும் பெரும்பாலும் இந்நூற்றாண்டில் உருப்பெற்றதே. 1842-இல் தொன்மையான சுவடியின் படி என வெளிவந்த டார்ட்டன் நூல் ஒன்று போலியானது எனப் பின்னர் அறிஞர் நிறுவினர்.

உடை அரங்கேறிய அதே காலத்தில் அதை நெய்த மக்களின் நிலை யாது? ஆட்டு மந்தைகளுக்கு இடம் வேண்டி நில உடைமையாளர்கள் அவர்களை வீடுகளினின்று வெளியேற்றிக் கொண்டிருந்தனர். 1851-இல் தென் யூயிஸ்ட், பர்ரா ஆகிய கத்தோலிக்கத் தீவுகளிலிருந்து மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கனடாவுக்குக் கப்பலேற்றப்பட்டனர்.

மொழியின் கதையோ வேறு. 1609-இலேயே தீவுகளின் தலைவர்கள் தம் மூத்த மக்களை ஆங்கிலம் கற்கத் தாழ்நிலத்துக்கு அனுப்புமாறு பணிக்கப்பட்டனர். 1872-இல் வந்த கல்விச் சட்டம் கேலிக்கைத் தடை செய்யவில்லை. அதன் பெயரைக்கூடச் சொல்லவில்லை. அந்த மௌனமே போதுமானதாயிற்று. தாய்மொழியில் பேசிய சிறுவனின் கழுத்தில் ஒரு கோலைக் கட்டித் தொங்கவிட்ட பள்ளிகளும் இருந்தன. நாணம் புகுந்த வீட்டில் தாயே தன் பிள்ளையிடம் ஆங்கிலத்தில் பேசத் தலைப்பட்டாள். 1901-இல் இரண்டு இலட்சத்துக்கும் மேலிருந்த கேலிக் பேசுவோர், 2011-இல் 57,375 பேராகக் குறைந்தனர்.

இந்த இருளில் விளக்கேற்றியவர்களுள் அருட்தந்தை ஆலன் மெக்டொனால்ட் (1859–1905) ஒருவர். தென் யூயிஸ்ட்டிலும் எரிஸ்கே என்னும் சிறு தீவிலும் பங்குத்தந்தையாயிருந்த அவர், மீனவரும் உழவரும் சொன்ன கதைகளையும் நம்பிக்கைகளையும் சொற்களையும் ஏடு ஏடாகக் குறித்து வைத்தார். 1893-இல் கேலிக் மொழியில் ஒரு ஞானப்பாடல் நூலையும் வெளியிட்டார். எழுத்தறியாத மூதாட்டியின் பேச்சு ஏட்டில் ஏறத்தக்க செல்வம் என அவர் கருதினார். தம் மேய்ப்பரே குறிப்பேட்டோடு வந்து அமர்ந்து கேட்கும் மொழியை இழிந்ததென்று அம்மக்கள் எண்ணியிருக்க முடியுமா?

கடலுக்கு அப்பால், கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் குடியேறியோரின் பேரப்பிள்ளைகள் இதே சிக்கலை எதிர்கொண்டனர். அங்குள்ள கேப் பிரெட்டன் தீவில் 1938-இல் ஒரு கேலிக் கல்லூரி நிறுவப்பட்டது. மொழிக்கென எழுந்த அந்நிறுவனத்தில் கில்ட்டும் பேக்பைப் இசையும் நடனமுமே நெடுங்காலம் முன்னின்றன. பயணிகளின் கண்ணைக் கவர்ந்தவை அவையே. தீவின் சிற்றூர்களில் கேலிக் பேசிய முதியோரோ சாதாரண வேலையுடையில் அடுப்பங்கரையில் அமர்ந்து பாடிக்கொண்டிருந்தனர். கில்ட் அணிந்தவர் பலருக்கு மொழி தெரியாது. மொழி தெரிந்தவர் பலரிடம் கில்ட் கிடையாது.

பிற்காலத்தில் அங்கே ஒரு நல்ல மாற்றம் நிகழ்ந்தது. கற்க விரும்புவோர் மொழியறிந்த முதியோரின் வீட்டுக்குச் சென்று, தேநீர் வைத்தும் சமைத்தும் அன்றாட வேலைகளின் ஊடே பேசிக் கற்கும் முறை வேரூன்றியது. உடையைக் கடையில் ஒரே நாளில் வாங்கிவிடலாம். மொழியைப் பெற வேண்டுமானால் ஒரு முதியவரின் அருகே பல மாதங்கள் அமர வேண்டும்; வளர்ந்த பின்னும் குழந்தையைப்போல் தடுமாறிப் பேசச் சித்தமாயிருக்க வேண்டும். முன்னோரோடு உறவு கொள்வதற்கு இந்தத் தாழ்ச்சி இன்றியமையாதது என்றே நமக்குத் தோன்றுகிறது.

இதனால் உடையைப் பழிக்க வேண்டியதில்லை. திருமண நாளில் கில்ட் அணிந்த இளைஞன், "இதன் பெயர் என்ன? என் பாட்டனார் எவ்வூரார்?" என்று கேட்கத் தொடங்கினால் அவ்வுடை ஒரு வாயிற்படி. வாயிற்படியிலேயே நின்றுவிடுவதுதான் இழப்பு.

இன்று கேலிக்கின் நிலை கலப்பானது. 2022 கணக்கெடுப்பில் பேசுவோர் தொகை ஏறத்தாழ 69,700 ஆக உயர்ந்தது. 2025-இல் இயற்றப்பட்ட சட்டம் அதை ஸ்காட்லாந்தின் ஆட்சி மொழிகளுள் ஒன்றாக ஏற்றது. ஆனால் 2011-இல் மக்களுள் பாதிக்கு மேற்பட்டோர் பேசிய மேற்குத் தீவுகளில் அவ்விகிதம் 45 விழுக்காடாகச் சரிந்துள்ளது. நகரங்களில் புதிதாய்க் கற்போர் பெருக, ஊற்றுக்கண்ணாகிய ஊர்களில் நீர் வற்றுகிறது. முதியோர் மறையுமுன் அவரருகே சென்றமர்வோர் எத்தனை பேர் என்பதே இனி வரும் கேள்வி.

கேலிக்கில் ஒரு மொழி தெரியும் என்று கூற விரும்புவோர், அம்மொழி "என்னிடம் இருக்கிறது" என்றே சொல்வர். "என்னுடையது" என்ற உரிமையைவிட, யாரோ ஒப்படைத்ததை வைத்திருக்கிறேன் என்ற பொறுப்பே அதில் ஒலிக்கிறது. "நீ யாரைச் சேர்ந்தவன்?" என்னும் கேள்விக்கு, முன்னோர் பேசிய சொல்லிலேயே தட்டுத்தடுமாறி விடை சொல்லும் பேரப்பிள்ளையைக் காணும் அத்தீவின் மூதாட்டி, அவன் எந்த உடையில் வந்தான் என்று பார்க்கமாட்டாள்.